தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் – குப்பைமேட்டுப் புகையும் நம் பொறுப்பும்





சென்ற வாரம் சுப்ஹு தொழுகை முடிந்து நான் எழுந்திருக்கும்போது நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வீடு பூரா புகை. பேரனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சு நெபுலைசர் வெச்சோம். விடிஞ்சதும் மகன் போன்ல காத்து எப்படின்னு பார்த்தான். 'திருப்தி'ன்னு காட்டுது. போன் பொய் சொல்லுதா, என் மூக்கு பொய் சொல்லுதா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஒரு வாரமாகப் படித்தேன், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு ஹதீஸ். நாம் பலமுறை கேட்ட ஹதீஸ்தான். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெரு வழியாகப் போகிறார்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்கிறார். நபியவர்கள் நின்று அந்தக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். (அறிவிப்பாளர்: அபூஹுரைரா (ரலி), நூல்: முஸ்லிம்)

பெரும்பாலும் இந்த ஹதீஸை வியாபாரிகளுக்குச் சொல்வோம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குவியலின் மேல்பகுதி காய்ந்துதான் இருந்தது. மேலே பார்த்தவர் யாருக்கும் அது பொய்யாகத் தெரியாது. நபியவர்கள் மேலே பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். குறை தெரிந்தபோது அந்த வியாபாரியிடம் அவர்கள் எதிர்பார்த்ததும் எளிமையானதுதான்: உள்ளே இருப்பதை வெளியே தெரியும்படி வை.

காற்று விஷயத்திலும் நம் மார்க்கம் இதைத்தான் எதிர்பார்க்கிறது என்பது என் கருத்து. ஸூரத்துர் ரஹ்மானில் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு தராசை அமைத்ததையும் அல்லாஹ் சொல்கிறான். அந்தத் தராசில் வரம்பு மீறக்கூடாது என்கிறான் (55:7-9). வானமும் தராசும் அடுத்தடுத்து வருவதைப் பற்றி முஃபஸ்ஸிர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த வாரம் அந்த ஆயத்துகளை ஓதும்போது நம் கூரைக்கு மேலே இருக்கிற வானம்தான் நினைவுக்கு வந்தது.

போன் பொய் சொல்லவில்லை. மூக்கும் பொய் சொல்லவில்லை

பெரியவரின் கேள்விக்கு வருவோம். கொடுங்கையூரில் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளவிடும் நிலையம் ஒன்று இருக்கிறது. மணலியிலும் ராயபுரத்திலும் பெருங்குடியிலும் உண்டு. அங்கே எடுக்கும் அளவுகள் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் 'சமீர்' என்ற செயலியிலும் வருகின்றன. இது பெரிய விஷயம். இருபது ஆண்டுகளுக்கு முன் இது நமக்குக் கிடைக்கவில்லை. அதற்காக ஷுக்ரு செய்ய வேண்டும்.

அதில் வரும் எண் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். புகையில் மிக ஆபத்தானது நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாத தூசி. மூக்கு முடியில் நிற்காது, நுரையீரலின் கடைசி அறை வரை போய் இரத்தத்திலும் கலக்கும். நம் நாட்டு விதிப்படி ஒரு கனமீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் அந்த 60 என்பது 24 மணி நேர சராசரி.

ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணத்துக்காக. ஒரு நாளில் 22 மணி நேரம் காற்று சுமாராக இருக்கிறது, 30 மைக்ரோகிராம். இரவு ஒரு மணி முதல் மூன்று மணி வரை குப்பைமேட்டில் தீப்பிடித்துப் புகை வருகிறது, 300. இருபத்திரண்டை முப்பதால் பெருக்கினால் 660. இரண்டை முந்நூறால் பெருக்கினால் 600. மொத்தம் 1,260. இதை 24-ஆல் வகுத்தால் 52 சொச்சம். அறுபதுக்குக் கீழே! போனில் 'திருப்தி' என்று வரும். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் அந்தப் பேரன் சராசரியையா சுவாசித்தான்? அந்த இரண்டு மணி நேரத்தை அல்லவா சுவாசித்தான்?

இதுவும் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் குவியல்தான். மணிக்கு மணி எடுத்த அளவும் அதே இணையதளத்தில் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போய்த் தேட வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் எதையெதையோ தேடுகிறார்கள். இதையும் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த 24 மணி நேர அளவை 15 என்று சொல்லிவிட்டது. நாம் 60-இல் இருக்கிறோம். நாலு மடங்கு. 'திருப்தி' என்பது யாருடைய திருப்தி என்று கேட்க இடமிருக்கிறது.

சரி, அந்தக் கருவி எதையெல்லாம் நிறுக்கிறது? காற்றுத் தரக் குறியீட்டில் எட்டுப் பொருள்கள்தான் கணக்கு. இரண்டு வகைத் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். குப்பைமேட்டிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது இந்த எட்டில் இல்லை. பிளாஸ்டிக் எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு இல்லை. பென்சீன் இல்லை. டயாக்சின் இல்லவே இல்லை. தராசில் வைக்காத சரக்குக்கு எடை எப்படித் தெரியும்?

மூக்கும் முழுமையான சாட்சி அல்ல. பழகிப்போன வாடையை மூக்கு சொல்லாது. வெளியூரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கும்போதுதான் நமக்கே ஞாபகம் வருகிறது, இங்கே ஒரு வாடை இருக்கிறது என்று. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நம் மஹல்லாவில் சம்பந்தம் பேசும்போது இது எத்தனை வீடுகளில் பிரச்சினையானது என்பது உங்களுக்குத் தெரியும்.

எரிஉலை வந்தால்?

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்கும் வடபகுதிக் குப்பை கொடுங்கையூருக்கும் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீயை அணைக்கச் சில நாட்கள் ஆனது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கொச்சியில் பிரம்மபுரம் கிடங்கு எரிந்து ஏறத்தாழ பன்னிரண்டு நாள் அந்த நகரமே புகையில் கிடந்தது. யாரும் பற்றவைக்காமலேயே இந்த மேடுகள் எரியக்கூடியவை. அடியில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது, உள்ளே சூடும் இருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

இப்போது பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணி நடக்கிறது. கூடவே, நாளொன்றுக்கு சுமார் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையைக் கொடுங்கையூரில் அமைக்க மாநகராட்சி திட்டம் போட்டது. 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் தெருவிலிருந்தும் சிலர் போனீர்கள்.

"உலை நல்லதுதானே ஹஜ்ரத், மேடு இல்லாமல் போகுமே" என்று கேட்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேடு அப்படியே கிடந்து எரிவதை யாரும் விரும்பவில்லை. நான் பொறியாளர் அல்லன். ஆனால் உலை வரும் என்றால் அதன் புகைபோக்கியை யார், எப்படி, எத்தனை முறை அளப்பார்கள் என்று கேட்பதற்குப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

குப்பை எரியும் உலையில் புகை 850 டிகிரி வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடி இருக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் நச்சுகள் சிதையும். நம் ஊர்க் குப்பையில் பாதி அளவு ஈரக்குப்பை. சாம்பாரும் சோறும் வாழை இலையும் சேர்ந்த குப்பையை அந்தச் சூட்டில் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும் சூடு குறைவாக இருக்கும். டயாக்சின் அதிகம் வருவது அப்போதுதான். புகை ஆறும்போதும் டயாக்சின் திரும்ப உருவாகும். அதைப் பிடிக்க வடிகட்டிப் பைகள், சுண்ணாம்பு, கரித்தூள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இதற்கு மேல், எரித்ததில் ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதையும் எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில் டயாக்சினுக்கு வைத்த வரம்பு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். அதில் பத்தில் ஒன்று! அவ்வளவு சிறிய அளவுக்கு வரம்பு வைக்கிறார்கள் என்றால் அந்தப் பொருளின் விஷம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

தூசி, கார்பன் மோனாக்சைடு போன்றவற்றை புகைபோக்கியிலேயே கருவி வைத்து நாள் முழுக்க அளக்கலாம், வாசலில் பலகை வைத்து எண்ணைக் காட்டலாம். டயாக்சினுக்கு அப்படிச் செய்வதில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் புகையை உறிஞ்சி மாதிரி எடுத்து, அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி எடுத்தாலும் 16 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சோதனைக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த நாளில் எந்த வியாபாரியும் ஈரத் தானியத்தை மேலே வைக்கமாட்டான்.

டெல்லியில் ஓக்லா என்ற இடத்தில் இப்படி ஓர் எரிஉலை 2012 முதல் ஓடுகிறது. ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம் இருக்கும் பகுதிதான். நம் சமுதாய மக்கள் நெருக்கமாக வாழும் ஜாமியா நகர் பக்கத்திலேயே இருக்கிறது. உலை ஓட ஆரம்பிக்கும் முன்பே சுற்றியுள்ள குடியிருப்பு மக்கள் வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், முன்பு விதிகளை மீறியதற்காக 25 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது; உலையை மூடச் சொல்லவில்லை. ஒரு உலை வந்து நின்ற பிறகு பேசுவதற்கும் வருவதற்கு முன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

டயாக்சின் காற்றோடு போய்விடாது என்பதையும் சொல்லவேண்டும். மண்ணில் படியும், புல்லில் படியும். அதை மேயும் மாட்டின் பாலிலும், மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டையிலும் கொழுப்போடு சேரும். பல நாடுகளில் உலைக்குப் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையை எடுத்துப் பரிசோதித்துத்தான் புகை எங்கே போனது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கே ஆலிம்களுக்கு ஒரு மஸ்அலா ஞாபகம் வரும். 'ஜல்லாலா', அதாவது அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணி. அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதி). அப்படிப்பட்ட கோழியைச் சில நாட்கள் அடைத்து வைத்து நல்ல தீனி போட்டால் சுத்தமாகிவிடும் என்று ஃபுகஹாக்கள் சொன்னார்கள். அது அவர்கள் கண்ட அசுத்தம். டயாக்சின் அப்படி மூன்று நாளில் போகாது. மனித உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டு ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் ஃபத்வா கொடுக்கவில்லை. மேட்டில் மேயும் மாடுகளின் பாலை நம் தெருவிலும் வாங்குகிறோம். அதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

"இது அரசியல், பள்ளிவாசலில் எதற்கு?"

நேற்று ஒரு சகோதரர் அக்கறையோடுதான் கேட்டார். அவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெங்காயம், பூண்டு பச்சையாகச் சாப்பிட்டவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்களுக்குத் தொல்லை தருபவை மலக்குகளுக்கும் தொல்லை தரும் என்று காரணமும் சொன்னார்கள் (முஸ்லிம்). ஹலாலான உணவு! அதன் வாடை அடுத்தவரைத் தொல்லைப்படுத்தும் என்பதற்காகத் தொழ வரும் ஒருவரையே நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் புகையைப் பற்றி அந்த மிம்பரில் பேசக்கூடாதா?

முஸ்லிம்களின் நகரங்களில் 'முஹ்தஸிப்' என்று ஓர் அதிகாரி இருந்தார். எடைக்கல், அளவுமரக்கால், பாலில் தண்ணீர் எல்லாவற்றையும் நேரில் போய்ச் சோதிப்பது அவர் வேலை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் ஷைஸரீ முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். ரொட்டி அடுப்புக் கடைகளின் கூரை உயரமாக இருக்கிறதா, மக்களுக்குத் தொல்லையில்லாமல் புகை வெளியேற அகலமான திறப்பு இருக்கிறதா என்று முஹ்தஸிப் பார்க்க வேண்டும் என்கிறது அது. புகைபோக்கியைச் சோதிக்கும் அதிகாரி நம் வரலாற்றில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்.

உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுத்த 'மஜல்லா' சட்டத்தில் 1200-ஆவது விதியைப் பாருங்கள். அளவு மீறிய தொல்லையை எப்படியேனும் நீக்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் அடுப்போ எண்ணெய்ச் செக்கோ வைத்து, அதன் புகையாலும் வாடையாலும் வீட்டுக்காரர் அங்கே குடியிருக்க முடியாமல் போவதை உதாரணமாகச் சொல்கிறது. தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்திலுள்ள ஹதீஸ் (இப்னு மாஜா) இதற்கெல்லாம் அடிப்படை. இது அரசியல் என்றால் நம் இமாம்கள் எல்லோரும் அரசியல்தான் செய்திருக்கிறார்கள்.

கப்பல் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஓட்டை போட நினைத்தால் மேலே இருப்பவர்கள் தடுக்க வேண்டும், இல்லையேல் எல்லோரும் மூழ்குவார்கள் (புகாரி). நம் நகரத்தில் கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. மேல்தளத்துக் குப்பையெல்லாம் கீழ்த்தளத்துக்கு வருகிறது. கீழே இருமினால் மேலே கேட்பதில்லை. ஆனால் கப்பல் ஒன்றுதான். மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் சகோதரர்களும் தூய்மைப் பணியாளர்களும் நம்மைவிட அதிகம் சுவாசிக்கிறார்கள். அவர்கள் எந்த மதம் என்று புகை கேட்பதில்லை.

முதலில் நம் சுவரோரம்

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

நம் பள்ளிவாசலின் பின்சுவரோரம் கருகிக் கிடக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். கூட்டிப் பெருக்கும் குப்பையை அங்கேதான் பல வருடமாக எரித்தோம். நோன்பு மாதத்தில் கஞ்சி டம்ளர், வலீமா நாளில் பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாக்கெட். பின்தெருவில் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர், ஒருநாள் கேட்டுக்கே வந்து மோதினாரிடம் சொன்னார். "ஒரு பத்து நிமிஷம்தான்மா, அணைஞ்சிடும்" என்று பதில் போனது. நான் அப்போது ஹவுளில் ஒளு செய்துகொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது. கேட்டும் பேசாமல் உள்ளே போய்த் தொழுகை வைத்தேன்.

எவருடைய தொல்லைகளிலிருந்து அண்டைவீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் முஃமின் அல்லர் என்பதை நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சத்தியமிட்டுச் சொன்னார்கள் (புகாரி). இந்த ஹதீஸை இதே மிம்பரில் எத்தனை முறை ஓதியிருப்பேன்!

சென்ற திங்கட்கிழமை முத்தவல்லியும் நானும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "பாய், வருஷக்கணக்கா பழகிடுச்சு. ஆனா நீங்க எரிக்கிற அன்னிக்குத் தைச்ச துணியில வாடை ஏறிடும். ரெண்டு பேர் ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். கூலியையும் இழந்திருக்கிறார். அந்தத் தொகையைக் கேட்டு வாங்கிக் கொடுக்க முயன்றோம். வேண்டாம் என்றார். அவர் விட்டுவிட்டாலும் எனக்கு அது கடனாகவே தெரிகிறது.

சட்டமும் இதைத் தடுத்திருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்றே உத்தரவிட்டது. திறந்த தீயில் 850 டிகிரி கிடையாது, வடிகட்டி கிடையாது. உலையைப் பற்றி நாம் பயப்படும் டயாக்சினை, நம் கையால், நம் பிள்ளைகள் ஓதும் மதரஸா ஜன்னலுக்குக் கீழே உண்டாக்கிக்கொண்டிருந்தோம். பிறரிடம் அளக்கும்போது நிறைவாக வாங்கி, தான் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது (83:1-3). மாநகராட்சியிடம் நிறைவாக அளக்கச் சொல்லிவிட்டு நம் சுவரோரத்தை அளக்காமல் விட்டால் நாம் யார்?

செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கே எரிப்பதில்லை. நோன்புக் கஞ்சிக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்க முத்தவல்லி ஒத்துக்கொண்டிருக்கிறார். கழுவுவது யார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இளைஞர்கள் பெயர் கொடுங்கள்.

இப்போது சாட்சியம் பற்றி. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் (49:6) அல்லாஹ் கட்டளையிடுகிறான். வாட்ஸ்அப்பில் வரும் புகைப் படம் எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். ஒரு பொய்ப் படம் போதும், நம் நூறு உண்மைகளையும் ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள். அதேபோல எல்லா நோய்க்கும் குப்பைமேடுதான் காரணம் என்றும் சொல்லக்கூடாது. மணலி ஆலைகள் இருக்கின்றன, லாரிகள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதம் தவறச் செய்யக்கூடாது (5:8). மாநகராட்சி மீது எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். தேதி, மணி, எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, வாடை எப்படி – அழுகியதா, ரப்பரா, பிளாஸ்டிக்கா – எவ்வளவு நேரம் இருந்தது. வீட்டில் யாருக்காவது இன்ஹேலர், நெபுலைசர் தேவைப்பட்டதா. கோடையில் பொதுவாகப் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். எனவே மேட்டின் எந்தப் பக்கம் நம் வீடு என்பதை வைத்தே புகை வரும் நேரம் மாறும். இரவில் புகை மேலே போகாமல் தாழ்ந்து நிற்கும். இதெல்லாம் எழுதி வைத்தால்தான் தெரியும். நம் தெருவில் நாமே எரித்த புகை என்றால் அதையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

விலை குறைந்த காற்றளவுக் கருவி ஒன்று வாங்கித் தருவதாக ஒரு சகோதரர் சொல்லியிருக்கிறார். பாரகல்லாஹ். ஆனால் அதை நேராக நம்பக்கூடாது. காற்றில் ஈரம் அதிகமானால் இவை கூட்டிக் காட்டும். கடைக்காரர் தராசுக்கு முத்திரை வாங்குவதுபோல, வாரியத்தின் நிலையத்துக்குப் பக்கத்தில் சில நாள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மேட்டைச் சுற்றிக் கடந்த ஓராண்டில் என்னென்ன அளந்தீர்கள், எந்தெந்தத் தேதியில், மணிவாரி அளவுகள் என்ன, உலை வருமானால் டயாக்சின் சோதனை எத்தனை முறை, முன்னறிவிப்பு இல்லாமல் எடுப்பீர்களா, முடிவைத் தமிழில் வெளியிடுவீர்களா – இந்தக் கேள்விகளோடு மனு தயாராக இருக்கிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது அறிவித்தாலும் ஜமாஅத் சார்பில் நாலு பேர் போவார்கள். பின்தெரு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூச்சல் போடப் போகவில்லை. குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறோம்.

அந்தப் பெரியவரின் பேரன் இப்போது பரவாயில்லை, அல்ஹம்துலில்லாஹ். நோட்டில் முதல் வரி அவர்கள் வீட்டு இரவுதான். தொழுகை முடிந்ததும் நோட்டு அலுவலக அறை ஜன்னலில் இருக்கும். பேனாவும் கட்டியிருக்கிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் குழந்தைகளின் சுவாசத்தையும், மேட்டில் வேலை செய்பவர்களின் சுவாசத்தையும், எங்களால் தொல்லைப்பட்ட அண்டைவீட்டாரின் சுவாசத்தையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

ஸஃப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்.